ஆராய்ச்சிப் பட்டமும் நம் இல்லத்தாரும்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், அவ்வாண்டு டாக்டர் பட்டம் பெற்ற நம்மவர் பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது நல்ல வழக்கம். கைதட்டும் கூட்டத்தில் இன்னொரு சாராரும் அமர்ந்திருக்கின்றனர். அவர்களும் ஒரு காலத்தில் ஆராய்ச்சி மாணவராகப் பதிவு செய்துகொண்டவர்களே. இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்தபின், வேலை கிடைத்தது என்றோ, திருமணம் நிச்சயமாயிற்று என்றோ, தந்தையார் ஓய்வு பெற்றுவிட்டார் என்றோ இடையில் நிறுத்தியவர்கள். அவர்கள் திரட்டிய குறிப்புகள் பரண்மேல் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவர்களுக்கு அறிவுக் குறைவோ ஆர்வக் குறைவோ இருந்ததாகச் சொல்ல முடியாது. எடுத்த வேலையைத் தவணைக்குள் முடிக்கும் முறையை எவரும் அவர்களுக்கு எடுத்துரைக்கவில்லை. வீட்டில் இருந்தோரும் அதனை ஒரு வேலையாக மதிக்கவில்லை. இவ்விரு குறைகளும் நீங்க வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுதும் நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். டாக்டர் பட்டத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். என் தங்கை, இவ்வூரில் தமிழர் குடியேறிய வரலாற்றைப் பொருளாகக் கொண்டு ஐந்தாண்டுகள் ஆராய்ந்து பட்டம் பெற்றாள். அவ்வைந்தாண்டும் தட்டெழுதுதல், குறிப்புகளை அடுக்குதல், பல்கலைக்கழக விதிகளைப் படித்துச் சொல்லுதல் ஆகியவை என் பங்கு. ஆராய்ச்சிக்குரிய நுண்ணறிவை என்னால் கற்பிக்க இயலாது. ஆனால் பெரிய வேலை ஒன்றைச் சிறு சிறு கூறுகளாக்கி, பதிவேட்டில் ஏற்றி, குறித்த நாளுக்குள் முடித்துக் கொடுப்பது குமாஸ்தாவின் தொழில். ஆய்வேட்டில் பாதி அத்தொழிலே என்பதை அருகிலிருந்து கண்டேன்.

குமாஸ்தாவின் மேசைக்கும் ஆராய்ச்சி மேசைக்கும் உள்ள தொலைவு அவ்வளவு பெரிதும் இல்லை. டாக்டர் மு. வரதராசனார் பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகவே வேலைக்குச் சேர்ந்தார். பின்னர்த் தமிழ் பயின்று, 1935-ஆம் ஆண்டில் வித்துவான் தேர்வில் தேறி, 1948-ஆம் ஆண்டில் சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருள் பற்றிய ஆய்வேட்டிற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தமிழ்த் துறையில் அப்பல்கலைக்கழகம் வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அதுவே. 1971-ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அமர்ந்தார்.

பொருளைத் தேர்தல்

தொடக்கத்தில் மாணவர் பலரும் கடல் போன்ற பொருளைக் கையில் எடுக்கின்றனர். "வடநாட்டில் தமிழர்" என்பது ஓர் ஆயுளுக்கும் அடங்காத பொருள். இடம், காலம், வினா ஆகிய மூன்றாலும் அதனைச் சுருக்குதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைத் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்த குடும்பங்கள், குறித்த முப்பது ஆண்டுகளில், தம் பிள்ளைகளின் கல்விக்கு என்ன ஏற்பாடு செய்துகொண்டன என்று கேட்டால், அது ஓர் ஆய்வேட்டின் அளவுக்கு வந்துவிடுகிறது.

பொருளை உறுதி செய்யுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்க. இதற்குரிய சான்றுகள் உள்ளனவா? என் கைப்பொருளையும் காலத்தையும் கொண்டு அவற்றை அடைய முடியுமா? இதனை முன்பே எவரேனும் ஆராய்ந்து முடித்துவிட்டனரா? மூன்றாம் வினாவுக்கு விடை காண, காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் "சோத்கங்கா" என்னும் இணையக் களஞ்சியம் உதவும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பல இலட்சம் அதில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. நல்ல ஆய்வேடு எப்படி இருக்கும் என்று அறியவும், அப்பொருளில் வந்த ஐந்தாறு ஏடுகளை முதலிலேயே படித்துவிடுவது நலம்.

சான்றுகளெல்லாம் சென்னையில்தான் உள்ளன, வெளியூரில் வாழும் நமக்கு அவை எட்டா என்று சிலர் சோர்வடைகின்றனர். சோர்வுக்கு இடமில்லை. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் நான்கு நூலகங்களுக்கு அனுப்புதல் வேண்டும். கொல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டில்லிப் பொது நூலகம் ஆகியவையே அந்நான்கு. ஆகவே கொல்கத்தாவிலும் மும்பையிலும் டில்லியிலும் வாழும் நம் பிள்ளைகள், சென்னைக்குச் செல்லுமுன் தம் ஊர் நூலகத்தின் தமிழ்ப் பட்டியலைப் பார்ப்பது தக்கது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. டில்லித் தேசிய ஆவணக் காப்பகம் "அபிலேக் படல்" என்னும் இணைய வாயிலில் பழைய அரசாங்கக் கோப்புகளை ஏற்றியுள்ளது. சென்னைக்குச் சென்றே ஆகவேண்டுமெனில், எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டிலும் எவ்வெவற்றைப் பார்ப்பது என்று பட்டியல் எழுதிக்கொண்டு செல்க. ஒரு விடுமுறைப் பயணத்தில் பத்து நாள் கிடைத்தாலும் பயனுண்டாகும்.

நம் பிள்ளைகளுக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி அல்லது வங்காளி அல்லது இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என வளர்ந்த பிள்ளை, தாத்தாவின் தமிழ்க் கடிதத்தையும் நகராட்சியின் வட்டாரமொழி ஆவணத்தையும் ஒருசேரப் படிக்க வல்லது. பிறர் மொழிபெயர்ப்பாளரைத் தேடும் இடத்தில் நம் பிள்ளை நேரே நுழையலாம்.

நெறியாளரோடு பழகுதல்

நெறியாளரின் புகழை மட்டும் பார்த்துச் சேருதல் போதாது. அவரிடம் முன்பு பயின்றவர்களைக் கண்டு, எத்தனை பேர் முடித்தனர், ஓர் இயலைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று கேட்டறிக. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே வேளையில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மேல் நெறியாளராக இருத்தல் ஆகாது. அவருக்கு இடமிருக்கிறதா என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அவரைக் காணச் செல்லும்போது வினாக்களைத் தாளில் எழுதிக்கொண்டு செல்க. திரும்பியதும், பேசி முடிவு செய்தவற்றைப் பத்து வரியில் எழுதி, அன்றே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுக. வாய்மொழி உத்தரவை எழுத்தில் உறுதி செய்துகொள்வது அலுவலக முறை. ஆறு திங்கள் கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்னும் பேச்சு எழாமல் இருக்க இதுவே வழி. இருவருக்கும் மனத்தாங்கலும் நேராது.

குறிப்பெடுத்தல்

ஒரு செய்திக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொள்க. அட்டையின் தலைப்பில் ஆசிரியர், நூல், பதிப்பாண்டு, பக்க எண் நான்கும் வருதல் வேண்டும். ஆவணமாயின் துறை, கோப்பு எண், ஆண்டு ஆகியவற்றையும் எழுதுக. அடியில் குறிப்பெடுத்த நாளையும், எந்த நூலகத்தில் பார்த்தது என்பதையும் இடுக. நூலில் உள்ள சொற்களை அப்படியே எழுதினால் மேற்கோள் குறிக்குள் அடைக்க. தம் கருத்தை வேறு நிற மையில் எழுதுக. கணினியில் எழுதுவோர்க்கும் இதே முறைதான். படித்த நூல்களின் பட்டியலுக்கென முதல் நாளிலேயே ஒரு பதிவேடு திறக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் ஒரு பக்க எண்ணுக்காக மறுபடியும் ரயிலேறிச் சென்றவர்களை நான் அறிவேன்.

ஆவணங்களைக் கைப்பேசியில் படம் பிடிப்போர் அன்றிரவே அவற்றுக்குப் பெயரிட்டு அடுக்கிவிட வேண்டும். பெயரில்லாத நானூறு படங்கள் ஒரு திங்களுக்குப்பின் எவருக்கும் பயன்படா. எல்லாவற்றுக்கும் மூன்று படிகள் இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று மின்னஞ்சலில் அல்லது இணையச் சேமிப்பில். தமிழில் எழுதுவோர் பழைய எழுத்துருக்களை விட்டு யூனிகோடு முறையிலேயே தட்டெழுதுக. பழைய எழுத்துருவில் எழுதியது வேறு கணினியில் குழம்பிப் போகும், தேடினாலும் அகப்படாது.

முதியோரைக் கண்டு செய்தி திரட்டுவோர், அவர்தம் இசைவைப் பெற்று, நாளும் இடமும் குறித்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்க. நினைவு ஆண்டுகளை மாற்றிவிடும். ஆதலால் பழைய ரேஷன் அட்டை, சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்று ஆகியவற்றோடு ஒப்புநோக்குதல் வேண்டும். இன்று எண்பதைத் தாண்டியிருக்கும் நம் பெரியோரிடம் உள்ள செய்திகளுக்கு வேறு படி இல்லை என்பதையும் நினைவில் வைக்க.

காலக் கணக்கு

மேற்சொன்ன 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வுக்காலம் குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தது ஆறாண்டு. மறுபதிவு செய்து மேலும் இரண்டாண்டு பெறலாம். பெண்களுக்கும், நாற்பது விழுக்காட்டுக்கு மேல் உடற்குறை உடையோர்க்கும் அதற்கு மேலும் இரண்டாண்டு சலுகை உண்டு. மொத்தம் பத்தாண்டைக் கடத்தல் ஆகாது. தொடக்கத்தில் குறைந்தது பன்னிரண்டு மதிப்பலகு கொண்ட பாடப் பயிற்சியில் தேற வேண்டும். ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அலுவலில் இருப்போர், தம் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்றுப் பகுதிநேரமாகவும் சேரலாம். தத்தம் பல்கலைக்கழகத்தின் தனி விதிகளையும் இவற்றோடு சேர்த்துப் படித்துக்கொள்க.

ஆறாண்டு என்றதும் காலம் தாராளமாக உள்ளது போல் தோன்றும். ரயில்வேயில் வண்டி தாமதமாவதைக் கடைசி நிலையத்தில் கண்டுபிடிப்பதில்லை. ஒவ்வொரு நிலையத்தையும் அது கடந்த நேரம் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நிலையத்திலேயே தாமதம் தெரிந்துவிடும். ஆய்வேட்டிற்கும் அத்தகைய பதிவு வேண்டும். சமர்ப்பிக்கும் நாளை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுக. முதலாண்டு பாடப் பயிற்சிக்கும் பொருளைச் சுருக்குவதற்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் சான்று திரட்டுவதற்கும் முதல் இரண்டு இயல்களுக்கும். நான்காம் ஆண்டு எஞ்சிய இயல்களுக்கும். ஐந்தாம் ஆண்டு திருத்தத்திற்கும் என்று வகுத்தால், ஆறாம் ஆண்டு நோய்நொடிக்கும் எதிர்பாராத தடைகளுக்கும் கையிருப்பாக நிற்கும்.

நாள்தோறும் இரண்டு மணி நேரம் என்பது குறைந்த அளவு. சர் சி. வி. இராமன் 1907-ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் அரசாங்க நிதித்துறையில் அதிகாரியாக இருந்தவர். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலும் கண்டவர். கல்கத்தாவில் இருந்த காலத்தில், அலுவலகம் செல்லுமுன் காலையிலும், அலுவலகம் முடிந்த மாலையிலும் பௌபஜார் வீதி ஆய்வுக் கழகத்தில் சோதனைகளை நடத்தினார். அவருடைய மேதைமை அனைவர்க்கும் வாய்க்காது. அவர் ஒதுக்கிய காலை வேளையும் மாலை வேளையும் அனைவருக்கும் உண்டு.

எழுதும் முறை

படித்து முடித்தபின் எழுதலாம் என்று காத்திருப்பவர் எழுதவே மாட்டார். சான்று நிறைந்த நடு இயலை முதலில் எழுதுக. முன்னுரையைக் கடைசியில் எழுதுக. ஒவ்வோர் இயலும் ஒரு வினாவுக்கு விடை கூறுதல் வேண்டும். அவ்விடையை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தால், வழி தவறிய பத்திகள் தாமே தெரியும். நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுதினால் முந்நூறு நாளில் முதல் வரைவு முடிந்துவிடும். இன்று நிறுத்தும்போது நாளை எழுதவேண்டிய செய்தியை ஒரு வரியில் குறித்துவைத்தால், மறுநாள் காலை வெள்ளைத் தாளைப் பார்த்து மலைக்க நேராது.

என் தங்கை எழுதியதை ஞாயிறுதோறும் எங்கள் அன்னையாருக்குப் படித்துக் காட்டுவாள். அன்னையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "அவர்கள் ஏன் அந்த ஆண்டு ஊருக்குத் திரும்பினார்கள்?" என்று அவர் கேட்ட ஒரு வினாவுக்கு விடை தேடியே ஒரு புதிய பகுதி எழுந்தது. ஆராய்ச்சி மொழி எளியோர்க்கு விளங்கக் கூடாது என்று எவ்விதியும் இல்லை.

பிறர் எழுதியதை எடுத்தாளும்போது பெயர் சுட்டுதல் அறம் மட்டுமின்றிச் சட்டமும் ஆகும். மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. நாற்பது வரை சென்றால், ஆறு திங்களுக்கு மேற்படாத தவணைக்குள் திருத்திக் கொடுத்தல் வேண்டும். அறுபது வரை சென்றால், ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டையும் கொடுக்க இயலாது. அதற்கும் மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். பணம் பெற்றுக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருவதாகக் கூறுவோரின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் வேண்டா.

தேர்வாளர் திருப்பி அனுப்பினால்

ஏட்டினை நெறியாளரோடு வெளியார் இருவரேனும் மதிப்பிடுவர். அதன்பின் வாய்மொழித் தேர்வு நடைபெறும். திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தால் குடும்பமே துக்கம் காப்பது போல் இருப்பதைச் சில வீடுகளில் கண்டிருக்கிறேன். டாக்டர் அம்பேத்கர் ரூபாயின் சிக்கல் பற்றிய தம் ஆய்வேட்டை 1922-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். தேர்வாளர்கள் அதனை அவ்வடிவில் ஏற்கவில்லை. திருத்தி எழுதும்படி கூறினர். அவர் தாயகம் திரும்பி, பம்பாயிலிருந்தே திருத்திய ஏட்டை அனுப்பி, 1923-ஆம் ஆண்டில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவருக்கே திரும்பி வந்தது எனில், நம் பிள்ளைக்கு வருவதில் இழிவு ஒன்றும் இல்லை. தேர்வாளரின் ஒவ்வொரு குறிப்புக்கும் எண்ணிட்டு, எதிரே செய்த திருத்தத்தையும் பக்கத்தையும் எழுதி அனுப்பினால் வேலை விரைவில் முடியும்.

இல்லத்தார் கடமை

இனி நம் பங்கு. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வு பெற்றவர்க்கு 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டு திங்களுக்கு 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் என விகிதம் உயர்த்தப்பட்டது. அத்தேர்வில் வெல்லாதவர் பலர். சேருமுன்னரே, ஐந்தாண்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று குடும்பத்தார் கூடியமர்ந்து கணக்குப் பார்த்துவிட வேண்டும். பெயருக்கு முன் ஒரு பட்டம் வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாயின், அக்கணக்கைப் பார்த்தபின் சேராதிருப்பதே நன்று. தீர எண்ணி இடையில் நிறுத்துவோரையும் எவரும் பழித்தல் ஆகாது.

அலுவலகத்துக்குச் செல்லும் மகனை மாவரைக்க அழைப்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும் மகளை அழைக்கிறோம். விருந்தினர் வந்தால் முதலில் எழுந்து போவது அவள் மேசை. எங்கள் குடியிருப்பில் காலை ஐந்து முதல் ஏழு வரை தங்கையை எவரும் அழைப்பதில்லை என்று முடிவு செய்தோம். தண்ணீர் பிடிப்பதும் பால் வாங்குவதும் என் வேலையாயின. முதல் இரண்டு திங்கள் வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது, பிறகு பழகிவிட்டது.

பெண்ணைப் பெற்றோர் இரண்டு செய்திகளைக் கட்டாயம் அறிதல் வேண்டும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆராய்ச்சி மாணவி ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை மகப்பேற்று விடுப்போ குழந்தை வளர்ப்பு விடுப்போ பெறலாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ வேற்றூர் செல்ல நேர்ந்தால், தான் திரட்டிய ஆய்வுத் தரவுகளை அவ்வூர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு ஆய்வைத் தொடரவும் உரிமை உண்டு. பிற விதிகளுக்கு அது உட்பட்டிருத்தல் வேண்டும். வேறொரு நிறுவனத்தின் நிதியால் நடைபெறும் திட்டத்தைச் சேர்ந்ததாக இருத்தல் ஆகாது. நம்மவர் வீடுகளில் மாப்பிள்ளை ஒருவர் புனாவிலும் ஒருவர் புவனேசுவரத்திலும் இருப்பது இயல்பே. பெண் பார்க்க வருவோரிடம் நகைக் கணக்கும் சீர்க் கணக்கும் பேசும்போதே, இவள் ஆய்வை முடிப்பாள் என்பதையும் பேசிவிடுக. தாலி ஏறியபின் கேட்டால் அது சலுகையாகிவிடும்.

ஆராய்ச்சி செய்யும் பிள்ளையிடம் "எப்போது முடியும்?" என்று நாள்தோறும் கேட்பதை நிறுத்துவோம். "இன்று எந்தப் பகுதி எழுதினாய்?" என்று கேட்போம். முதல் வினாவுக்கு அப்பிள்ளையால் விடை கூற இயலாது. இரண்டாம் வினாவுக்கு இயலும்.

பரண்மேல் கட்டு வைத்திருப்போர் அதனை இறக்கிப் பார்க்க வேண்டுகிறேன். தவணை மீதமிருப்பின் மறுபதிவுக்கு இன்றே எழுதிக் கேட்கலாம். தவணை கடந்திருப்பினும், நல்ல இயல் ஒன்றைக் கட்டுரையாக்கி இவ்விதழுக்கு அனுப்பலாம்; பெரியோரிடம் கேட்டெழுதிய செய்திகளைப் படியெடுத்து நூலகம் ஒன்றில் சேர்க்கலாம்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். நம் மண்டபம் விழா இல்லாத நாள்களில் பகல் முழுதும் பூட்டியே கிடக்கிறது. ஒற்றை அறை வீடுகளில் வாழும் மாணவர் பலர் எழுத இடமின்றி இருக்கின்றனர். மண்டபத்தின் ஒரு மூலையில் நான்கு மேசைகளும் நான்கு நாற்காலிகளும் இட்டு, காலை ஏழு முதல் மாலை ஏழு வரை திறந்துவைத்தால் போதும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவுக்குத் திங்கள்தோறும் என்னால் இயன்ற தொகையைத் தருகிறேன். மற்ற அன்பர்களும் முன்வருவர் என்று நம்புகிறேன்.